நெருப்புக்கோழிப் பண்ணைக்குப் போனோம், கார்ச் சாவி அங்கேயே தங்கிவிட்டது

நாடோடி_21
சனிக்கிழமை, இரவு 10.40

நண்பர்கள் ஐந்து பேர் இன்று ஒரு நெருப்புக்கோழிப் பண்ணைக்குப் போய்வந்தோம். போனது ஒரே காரில். திரும்பும்போது மூன்று பேர் பஸ்ஸில் வந்தோம். மற்ற இருவரும் காருக்குக் காவலாக அங்கேயே இருக்கிறார்கள். கார்ச் சாவி ஒரு நெருப்புக்கோழியின் வயிற்றில் இருக்கிறது. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

வாசலில் கிருமிநாசினி ஊற்றிய ஆழமில்லாத தொட்டி ஒன்று இருந்தது. காலணியை அதில் நனைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். சுற்றிக்காட்ட ஒரு பெரியவர் வந்தார். கையில் ஆளுயர முள்கிளை. இது எதற்கு என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதலில் குஞ்சுகள். பொரித்துச் சில நாட்களே ஆனவை. முதுகில் இறகு என்று சொல்ல எதுவும் இல்லை; வைக்கோலைப் பொடியாக நறுக்கி ஒட்டியதுபோல் முள்முள்ளாக இருந்தது, ஆனால் தொட்டால் குத்தவில்லை. அடுத்து முட்டை. இரண்டு முட்டைகளை மணலில் பதித்து வைத்து ஏறி நிற்கச் சொன்னார் பெரியவர். எங்களில் கனமானவன் ஏறினான். முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இறங்கியபோது அவனுக்குத்தான் வியர்த்திருந்தது.

பிறகு பெரிய பறவைகள் நின்ற வேலியோரம் போனோம். கார் ஓட்டி வந்த நண்பனுக்குச் சாவி வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றும் பழக்கம் உண்டு. ஒரு பெட்டைப் பறவை தலையைச் சாய்த்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. "உன்னை ரொம்பப் பிடித்துவிட்டதடா" என்று நாங்கள் கேலி செய்தோம். அதற்குள் கழுத்து வேலியைத் தாண்டி வந்து போய்விட்டது. விரலில் கீறல்கூட இல்லை, வளையமும் இல்லை. அந்த நீளக் கழுத்தில் முழங்கை மொளி அளவுக்கு ஒரு புடைப்பு தோன்றி, அவசரமே இல்லாமல் கீழே இறங்கி, மார்புக்குள் மறைந்தது. ஐந்து பேரும் வாயைத் திறந்தபடி அதன் பயணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பெரியவர் மட்டும், பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் சொல்வதுபோல், "ம், போய்விட்டது" என்றார்.

இப்போது பிரச்சினை. பண்ணைதான் புதுச் சாவிக்குப் பணம் தர வேண்டும் என்கிறான் நண்பன். பளபளப்பான பொருட்களைப் பையில் வையுங்கள் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறோமே என்கிறார்கள் அவர்கள். எழுதித்தான் இருக்கிறது, நாங்கள் யாரும் படிக்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: சாவி தானாக வெளியே வருமா? வந்தால் எத்தனை நாளில்?

சும்மா_வந்தவன்
சனிக்கிழமை, இரவு 10.52

பறவையைக் காருக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திப் பார்த்தீர்களா? சாவி அருகில் இருந்தாலே கதவு திறக்கிற கார்கள் இப்போது வருகின்றன.

நாடோடி_21
சனிக்கிழமை, இரவு 10.58

நீங்கள் கேலிக்குச் சொல்கிறீர்கள். நாங்கள் நிஜமாகவே யோசித்தோம். எங்களுடையது பொத்தானை அழுத்தினால் திறக்கும் வகை. வயிற்றுக்குள் யார் போய் அழுத்துவது?

வண்டிக்காரன்
சனிக்கிழமை, இரவு 11.15

பண்ணை மேல் ஒரு தப்பும் இல்லை. எழுதிப் போட்ட பிறகும் அதன் கண்ணெதிரே சாவியைச் சுழற்றியவர் உங்கள் நண்பர். பறவைக்குக் கை கிடையாது. ஒரு பொருள் என்னவென்று பார்க்க வேண்டுமென்றால் அலகால் எடுத்துத்தான் பார்க்கும். பணம் கேட்க வேண்டியவர்கள் அவர்கள், நீங்கள் அல்ல.

அது போகட்டும், நீங்கள் பார்த்தது நெருப்புக்கோழிதானா, ஈமுவா? பலர் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

நாடோடி_21
சனிக்கிழமை, இரவு 11.20

காலில் இரண்டே விரல்கள். பெரியவர் அதைத்தான் முதலில் காட்டினார். ஈமுவுக்கு மூன்று என்றார்.

கால்நடை_வைத்தியர்
ஞாயிற்றுக்கிழமை, காலை 6.30

இரவே பார்த்திருந்தால் உடனே எழுதியிருப்பேன். நாடோடி, பண்ணைக்கு இப்போதே போன் செய்து ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: அந்தச் சாவிக்குள் பொத்தான் பேட்டரி இருக்கிறது. வெறும் இரும்புச் சாவி என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

ஏன் என்று விளக்குகிறேன். நெருப்புக்கோழிக்குப் பல் இல்லை. கோழிக்கு இருப்பதுபோல் தீனிப்பையும் கிடையாது. கொத்தியதைத் தொண்டையின் மேற்பகுதியில் திரட்டி, உருண்டையாக மொத்தமாய்க் கீழே அனுப்பும். நீங்கள் பார்த்த புடைப்பு அப்படி இறங்கியதுதான். கீழே சுரப்பு இரைப்பை, அதை அடுத்து அரைப்பை. அரைப்பைக்குள் பறவை விழுங்கிவைத்த கூழாங்கற்கள் இருக்கும். வளர்ந்த பறவையிடம் ஒரு கிலோவுக்குக் குறையாமல்கூட இருக்கலாம். தசைச் சுவர் இறுகித் தளரும்போதெல்லாம் அந்தக் கற்கள் தீனியை அம்மிபோல் அரைக்கின்றன. உங்கள் சாவி போய்ச் சேர்ந்திருப்பது அங்கே, அல்லது அதற்குச் சற்று முன்னால்.

அரைபட்டுத் தேய்ந்து சிறிதானவைதான் குடலுக்குள் இறங்கும். சாவி அளவுள்ள பொருள் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறை அரைபட்டு உடைந்தால் பேட்டரி வெளிப்பட்டு உட்சுவரை அரிக்கும். சாவியின் கூர்முனையும் குத்தலாம். தீனி எடுக்காமல் ஒதுங்கி நிற்கிறதா, எச்சம் சிறிதாகவும் கெட்டியாகவும் போகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பறவைகளுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. இரைப்பையைத் திறந்து எடுப்பது நெருப்புக்கோழிகளுக்கு அடிக்கடி செய்யப்படும் அறுவைதான். பயப்பட ஒன்றுமில்லை, தள்ளிப்போடவும் கூடாது.

உங்கள் கேள்வி சாவியைப் பற்றி மட்டுமே இருந்தது. காலையில் அதைப் படித்தபோது கொஞ்சம் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

நாடோடி_21
ஞாயிற்றுக்கிழமை, காலை 7.05

நியாயமான கோபம். பேட்டரியைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. போன் செய்துவிட்டேன். பெரியவர்தான் எடுத்தார். "அப்படியா" என்றார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. மருத்துவரை வரவழைக்கிறார்களாம்.

இறகுப்பேனா
ஞாயிற்றுக்கிழமை, காலை 9.10

லண்டன் விலங்குக்காட்சிசாலையில் 1930 வாக்கில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. இறந்துபோன நெருப்புக்கோழியின் வயிற்றிலிருந்து எடுத்தவற்றை வரிசையாகப் பரப்பிப் படம் பிடித்திருக்கிறார்கள். கைக்குட்டைகள், ஒரு கையுறை, கயிற்றுத் துண்டு, செப்புக் காசுகள், கொக்கிகள், நான்கு அங்குல ஆணி ஒன்று. அதன் உயிரைப் பறித்தது அந்த ஆணிதான். பார்வையாளர்கள் போட்டதும் தவறவிட்டதும்தான் அத்தனையும்.

நம் மொழியில் இதற்கு நெருப்புக்கோழி, தீக்கோழி என்று பெயர் வந்ததும் வயிற்றை வைத்துத்தான். தணலை விழுங்கினாலும் இதற்குச் செரிக்கும் என்று நம்பினார்கள். பழைய அரபு நூல்களிலும் இதே கதை இருக்கிறது. ஐரோப்பியர்கள் இரும்பைத் தின்னும் பறவை என்று சொல்லி, குலச்சின்னங்களில் வாயில் லாடத்தைக் கவ்வியபடி வரைந்துவைத்தார்கள். எதையும் விழுங்கும் என்பது உண்மை. எதுவும் செரிக்கும் என்பது நாம் கட்டிவிட்டது.

மணலில் தலையைப் புதைக்கும் என்பதும் அப்படித்தான். அடைகாக்கும் பறவை ஆபத்தைக் கண்டால் கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் உடல் ஒரு மேடுபோல் தெரியும், தலை தெரியாது. தரையைத் தோண்டிப் போட்ட முட்டைகளைப் புரட்டக் குனிவதும் தலையைப் புதைப்பது போலவே தோன்றும்.

மேகக்கூட்டம்
ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.00

சாவிக் கதைக்கு நடுவே நுழைவதற்கு மன்னியுங்கள். போன மாதம் கல்லூரித் தோழிகளுடன் இதேபோல் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். கரிய சேவல் ஒன்று என் எதிரே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தது. இரண்டு இறக்கைகளையும் விரித்து மாறிமாறி அசைத்தது. கழுத்தைப் பின்னால் சாய்த்து இப்படியும் அப்படியும் ஆட்டியது. அலகும் கால்களின் முன்புறமும் செக்கச்செவேல் என்று இருந்தன. உடம்பு சரியில்லையோ என்று பயந்து பணியாளரைக் கூப்பிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அது என்ன?

கூழாங்கல்
ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.25

உங்களை மணக்க விரும்பியிருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இனப்பெருக்கக் காலத்தில் சேவலின் அலகும் கால்களும் சிவக்கும். பெட்டையின் எதிரே மண்டியிட்டு அது ஆடுகிற ஆட்டம்தான் நீங்கள் பார்த்தது. பண்ணைகளில் மனிதர்களிடையே வளரும் பறவைகள் மனிதர்களைப் பார்த்தும் அப்படி ஆடுகின்றன. பிரிட்டனில் பண்ணைப் பறவைகளை வைத்து இதை முறையாக ஆராய்ந்து 1998-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு 2002-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் பரிசு அது.

தொண்டையை ஊதிக்கொண்டு அடிக்குரலில் முழங்கியதைக் கேட்டீர்களா? தூரத்தில் சிங்கம் உறுமுவதுபோல் இருக்கும்.

மேகக்கூட்டம்
ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11.31

கேட்டேன்! பக்கத்தில் ஏதோ மோட்டார் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். தோழிகள் இந்த இழையைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

பயணப்பிரியன்
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.20

யாரும் சவாரியைப் பற்றிப் பேசவில்லையே! பல வருடங்களுக்கு முன் ஒரு பண்ணையில் ஏறியிருக்கிறேன். பறவையின் தலையில் துணி உறை ஒன்றை மாட்டிவிடுவார்கள். கண் மறைந்ததும் அது சிலைபோல் நின்றுவிடும். ஏறி உட்கார்ந்து கால்களை இறக்கைக்கு அடியில் செருகி, இறக்கையின் வேர்ப்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உறையை உருவியதும் ஒரே ஓட்டம். பத்து விநாடிகூட இருக்காது, மண்ணில் கிடந்தேன். வாழ்நாளில் மறக்க மாட்டேன். நாடோடி, நீங்கள் யாரும் ஏறவில்லையா?

நாடோடி_21
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.45

அங்கே சவாரி கிடையாது. முன்பு இருந்ததாம், நிறுத்திவிட்டார்களாம். எங்களில் இரண்டு பேருக்கு அதில் வருத்தம். எனக்கு நிம்மதி.

கூழாங்கல்
ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 3.30

பயணப்பிரியன், உங்களுக்கு மறக்காத பத்து விநாடி அதற்கு எப்படி இருந்திருக்கும்? குதிரையின் முதுகும் இதுவும் ஒன்றல்ல. குதிரையைப் பல தலைமுறைகளாகச் சுமக்கப் பழக்கியிருக்கிறோம். இது நூறு கிலோவைத் தாண்டும் பறவை என்றாலும் பறவைதான். இரண்டே காலில் சமநிலை பிடித்து, மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடுவதற்காக அமைந்த உடல். முதுகில் ஓர் ஆள் ஏறினால் அந்தச் சமநிலை கெடும். கால் மடங்கி எலும்பு முறிந்தால் அதோடு கதை முடிந்தது. இவ்வளவு எடையை மீதி ஒரே காலில் தாங்கியபடி எலும்பு கூடுவது அரிது.

கண் மறைந்ததும் நின்றுவிடுகிறது என்றீர்களே. அதன் கண் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் விட்டம். தரையில் வாழும் முதுகெலும்பு விலங்குகளில் இதைவிடப் பெரிய கண் எதற்கும் இல்லை, மூளையைவிடப் பெரியது. எதையும் தூரத்திலேயே கண்டு ஓடித் தப்பிப்பதுதான் அதன் பிழைப்பு. அந்தக் கண்ணை மூடிவிட்டு, திறந்ததும் முதுகில் ஒரு பாரத்தோடு ஓடவிடுகிறோம். அது வேடிக்கைக்காகவா ஓடுகிறது?

சிறகு வெட்டவும் மருந்து போடவும் உறை மாட்டுவது வேறு. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பயணப்பிரியன்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.10

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நீங்கள் சொல்லும் எதுவும் தெரியாது. இன்றைக்கு ஏற மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விழுந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அதற்கு என்ன செய்ய?

சும்மா_வந்தவன்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 4.15

சிறகை ஏன் வெட்டுகிறார்கள்? பறக்கவா போகிறது?

இறகுப்பேனா
ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.00

சிறகுக்காகத்தான் இந்தப் பண்ணைகளே தோன்றின. மற்றப் பறவைகளின் இறகிழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தகடுபோல் நிற்கும். நெருப்புக்கோழிக்கு அந்தக் கொக்கிகள் இல்லை. அதனால் இழைகள் தனித்தனியாகப் பிரிந்து மென்மையாகத் தொங்குகின்றன. ஐரோப்பியப் பெண்கள் தொப்பியில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது அந்தத் தொங்கலுக்காக.

தென்னாப்பிரிக்காவில் 1860-களில் பறவைகளை அடைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். 1869-இல் ஆர்தர் டக்ளஸ் என்பவர் முட்டை பொரிக்கும் கருவி ஒன்றைச் செய்த பிறகு தொழில் பெருகியது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் அந்நாட்டின் ஏற்றுமதியில் தங்கம், வைரம், கம்பளி இவற்றுக்கு அடுத்த இடம் சிறகுக்கு. அவுட்ஸ்ஹூர்ன் என்ற சிற்றூரில் சிறகுப் பணத்தில் எழுந்த மாளிகைகள் இன்னும் இருக்கின்றன. 1914-இல் எல்லாம் சரிந்தது. போர் வந்தது, நாகரிகம் மாறியது. திறந்த மோட்டார் காரில் போகிறவர்களின் தலையில் அவ்வளவு பெரிய சிறகுத் தொப்பி நிற்கவும் நிற்காது. பிற்பாடு தோலுக்கும் இறைச்சிக்குமாக வளர்த்தார்கள். இறகு முளைத்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகப் புடைத்த கைப்பைகள் பார்த்திருப்பீர்களே, அது இதன் தோல்.

காரால் சரிந்த தொழில், ஒரு கார்ச் சாவியை விழுங்கிப் பழி தீர்த்துக்கொண்டது என்று எழுத நினைத்தேன். வைத்தியர் கோபித்துக்கொள்வார்.

வண்டிக்காரன்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.40

போகப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கைப்பேசி, கண்ணாடி, தோடு, பளபளக்கும் பொத்தான் எல்லாம் அதன் கண்ணில் படும். தீனி கொடுப்பதாக இருந்தால் விரல்களைக் குவித்து நீட்டாமல் உள்ளங்கையைத் தட்டையாக விரியுங்கள், அல்லது தட்டில் வைத்துக் கொடுங்கள். குஞ்சோடு அல்லது முட்டையோடு இருக்கும் பறவை வேலிக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும்.

முள்கிளை எதற்கு என்றீர்களே. அது முன்னோக்கித்தான் உதைக்கும், பெரிய விரலில் நகம் ஆணிபோல் இருக்கும். சிங்கத்தையே கொன்றுவிடக்கூடிய உதை. ஆனால் கண்ணில் முள் படும் என்றால் நெருங்காது. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் அதை ஓடி ஜெயிக்க முடியாது. குப்புறப் படுத்துப் பிடரியைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். மிதிக்கும், மேலே உட்காரவும் செய்யும், ஆனால் உதையின் வேகம் கீழே கிடப்பவன் மேல் முழுதாக இறங்காது. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1981-இல் தாம் வளர்த்த பறவையைக் கம்பை வீசி மிரட்டப் போய் விலா எலும்புகள் முறிந்தார். இடுப்புப் பட்டையின் கொக்கிதான் வயிற்றைக் காப்பாற்றியது.

நாடோடி_21
புதன்கிழமை, இரவு 9.15

எக்ஸ்ரேயில் சாவி தெளிவாகத் தெரிந்ததாம், பக்கத்தில் வேறு ஏதோ வளையமும். நேற்றுக் காலை மயக்கம் கொடுத்து எடுத்துவிட்டார்கள். பறவை மாலையில் எழுந்து நின்றது. இன்று கொஞ்சம் தீனி எடுத்தது. மாற்றுச் சாவி தேடிப் பிடித்துக் காரையும் கொண்டுவந்துவிட்டோம்.

கால்நடை_வைத்தியர்
புதன்கிழமை, இரவு 9.40

பேட்டரி?

நாடோடி_21
புதன்கிழமை, இரவு 9.44

உறையின் ஒரு மூலை தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. பேட்டரி உடையவில்லை. இன்னும் சில நாள் விட்டிருந்தால் உடைந்திருக்கும் என்றாராம் மருத்துவர்.

கால்நடை_வைத்தியர்
புதன்கிழமை, இரவு 9.46

நல்லது. இனி தூங்குவேன்.

நாடோடி_21
சனிக்கிழமை, இரவு 8.30

இன்று ஐந்து பேரும் மறுபடி போனோம். இந்த முறை வாசலில் எழுதியிருந்ததை ஐந்து பேரும் நின்று படித்தோம். சாவிக்காரன் பணம் கேட்கவில்லை. அறுவைக்கு ஆன செலவில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தான். அவனாகவே கொடுத்தான் என்று எழுத ஆசைதான். காரில் போகும்போது இந்த இழையை முழுவதும் படித்துக்காட்டினேன்.

பறவையைத் தனிக்கொட்டடியில் வைத்திருக்கிறார்கள். வயிற்றின் பக்கவாட்டில் இறகை ஒதுக்கிய இடத்தில் தையல் தெரிகிறது. எங்களைக் கண்டதும் வேலிக்கு வந்து, சாவிக்காரனின் வெறும் கையைத்தான் முதலில் பார்த்தது.

பெரியவர் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். இத்தனை வருடங்களில் வயிறுகளிலிருந்து எடுத்துச் சேர்த்தவையாம். நசுங்கிய காசுகள், சட்டைப் பொத்தான், தலைக் கிளிப்பில் பாதி, ஒரு திருகாணி. சாவிக்குப் பக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரிந்த வளையமும் அதில் சேர்ந்துவிட்டது. அடியில் கூழாங்கற்கள், வழவழவென்று, ஆற்றில் பல காலம் உருண்ட கல்கூட அப்படி இருக்காது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார். புளியங்கொட்டை நிறத்தில் ஒன்றை எடுத்துவந்தேன். இப்போது மேசையில் இருக்கிறது, தட்டச்சு செய்யாத நேரத்தில் கை தானாக அதன் மேல் போகிறது.

சும்மா_வந்தவன்
சனிக்கிழமை, இரவு 8.37

கழுவினீர்களா?